ஸ்காட்டிஷ் டார்டன்: எத எடுக்கறது, யார் போட்டுக்கலாம்?

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போன நம்ம ஆளுங்களுக்கு சீக்கிரமே ஒரு கல்யாண அழைப்போ, பட்டமளிப்பு விழாவோ, ஜனவரி 25 அன்னிக்கு கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவா நடக்கற பர்ன்ஸ் நைட் விருந்தோ வந்துடும். எல்லாரும் கில்ட், அதாவது இடுப்புல கட்டற மடிப்பு வச்ச பாவாடை, போட்டுட்டு வருவாங்க, நீயும் போடுன்னு கூட வேலை பாக்கறவங்க சொல்வாங்க, சரின்னு வாடகைக் கடைக்குப் போனா சுவர் பூரா டார்டன்ங்கற கட்டம் போட்ட துணி தொங்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு குடும்பப் பேரு இருக்கும், அங்கதான் தயக்கம் ஆரம்பிக்குது. இது யாரோ ஒருத்தரோட குடும்பத் துணியாச்சே, நாம போட்டா தப்பா எடுத்துப்பாங்களா?

இதப் பத்தி ரெண்டு விதமா பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. ஒண்ணு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆயிரம் வருஷமா ஒரு டார்டன் இருக்கு, ரத்த சம்பந்தம் இல்லாதவங்க போட்டா அவமானம், சட்டப்படி குற்றம்னு கூட சில பேர் சொல்லிடறாங்க. இன்னொண்ணு, அதெல்லாம் துணிக்கடைக்காரங்க கட்டின கதை, ஒரு அர்த்தமும் கிடையாது, கலர் பிடிச்சா போட்டுட்டுப் போங்கறது. ரெண்டுலயும் பாதி உண்மைதான் இருக்கு, அந்தப் பாதிய வச்சு முடிவெடுத்தா ஒண்ணு தேவையில்லாம பயப்படுவோம், இல்லன்னா அங்க இருக்கறவங்க மனசாரப் பிடிச்சு வச்சிருக்கற ஒரு விஷயத்த உதாசீனம் பண்ணிடுவோம். டார்டனப் போட்டுக்க யாரும் பரம்பரையச் சான்று காட்ட வேண்டியதில்ல, ஆனா போட்டிருக்கறது என்னன்னு தெரிஞ்சு போடணும். இதத்தான் இங்க அடியிலேருந்து சொல்லப் போறேன்.

டார்டன்னா என்ன

நம்ம வீட்டுல இருக்கற கட்டம் போட்ட கைலிய வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க. நீளவாக்குல போற நூல் பாவு, குறுக்க போற நூல் ஊடை. ரெண்டுலயும் சாயம் போட்ட நூல வரிசையா வச்சு நெய்யும்போது, சிவப்பு சிவப்ப வெட்டற இடத்துல நல்ல அழுத்தமான சிவப்பு, சிவப்பு நீலத்த வெட்டற இடத்துல ரெண்டும் கலந்த ஒரு நடு நிறம் வரும். டார்டனும் அடிப்படையில இதே வேலைதான். பாவுல என்ன நிற வரிசை, எத்தனை எத்தனை நூல்னு வச்சாங்களோ, பொதுவா அதே வரிசைய அதே கணக்குல ஊடையிலயும் வைப்பாங்க, அதனாலதான் கோடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுது.

கைலியிலேருந்து வித்தியாசப்படறது நெசவுல. கைலி சாதாரண நெசவு, ஒரு நூலுக்கு மேல ஒரு நூலுக்குக் கீழன்னு போகும். டார்டன் கம்பளி நூல்ல ட்வில் நெசவு, அதாவது ஒவ்வொரு ஊடை நூலும் ரெண்டு பாவு நூலுக்கு மேல போய் ரெண்டுக்குக் கீழ போகும், அடுத்த வரிசையில ஒரு நூல் தள்ளி ஆரம்பிக்கும். அதனால ரெண்டு நிறம் கலக்கற கட்டத்த கிட்டப் போய்ப் பாத்தா சாய்வா மெல்லிசு மெல்லிசா கோடு தெரியும், தள்ளி நின்னு பாத்தா ஒரு புது நிறமா தெரியும்.

நூல் நிறம் மூணுதான்னாலும் துணியில ஆறு நிறம் தெரியும், மூணு சுத்தமான நிறம், மூணு கலப்பு. ஆறு நிறத்துல நூல் எடுத்தா துணியில 21 வந்துடும். அதனால நிறம் ஏற ஏற துணி பளிச்சுன்னு ஆகாம கலங்கிப் போறதுதான் அதிகம், நல்ல டார்டன் டிசைன் பண்றவங்க நாலஞ்சு நிறத்தோட நிறுத்திக்கறாங்க.

திரும்பத் திரும்ப வர்ற அந்த ஒரு முழுக் கட்டத்துக்குப் பேரு செட். எந்த நிறத்துல எத்தனை நூல்னு எழுதி வைக்கற கணக்குதான் ஒரு டார்டனோட அடையாளம், உதாரணத்துக்கு நீலம் 24, கருப்பு 4, பச்சை 24, வெள்ளை 2 இப்படிப் போகும். பெரும்பாலான டார்டன்ல இந்த வரிசை ஒரு முனை வரைக்கும் போயிட்டு அங்கேருந்து அப்படியே தலைகீழா திரும்பி வரும். புக்கானன் டார்டன் மாதிரி சிலது மட்டும் திரும்பாம ஒரே திசையில ஓடும்.

சுருக்கமா சொன்னா, டார்டன்ங்கறது ஒரு நூல் கணக்கு. பச்சை கொஞ்சம் வெளிறி இருந்தாலும் அடர்த்தியா இருந்தாலும் கணக்கு அதேன்னா டார்டன் அதேதான். கணக்கு மாறுச்சுன்னாதான் வேற டார்டன். இத ஞாபகம் வச்சுக்கங்க, கடையில உதவும்.

குடும்பப் பேரு எப்ப ஒட்டிக்கிச்சு

துணி பழசு, அதுல சந்தேகமே இல்ல. ஃபால்கிர்க் ஊர்ல 1933ல ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசு கிடைச்சுது, பானை வாய அடைக்க ஒரு துண்டுத் துணிய வச்சிருந்தாங்க, அது 3ஆம் நூற்றாண்டச் சேர்ந்தது, சாயம் போடாத ரெண்டு இயற்கைக் கம்பளி நிறத்துல கட்டம். அப்புறம் க்ளென் அஃப்ரிக் பள்ளத்தாக்குல கரிச்சேத்து நிலத்துலேருந்து 1980கள்ல எடுத்த ஒரு துணிய ஆராய்ஞ்சு, அது 1500லேருந்து 1600க்குள்ள நெஞ்சதா இருக்கும்னு 2023ல சொன்னாங்க, நிறைய நிறத்தோட நிஜமான டார்டன்னு பாத்தா ஸ்காட்லாந்துல கிடைச்சதுல அதுதான் ரொம்பப் பழசு.

ஆனா இந்தக் கட்டம் இந்தக் குடும்பத்துக்குங்கற ஏற்பாடு அவ்வளவு பழசு இல்ல. 1703ல ஸ்காட்லாந்தோட மேற்குத் தீவுகளப் பத்தி எழுதின மார்ட்டின் மார்ட்டின், ஒரு ஆள் போத்திருக்கற துணியப் பாத்தா அவன் எந்த ஊர்க்காரன்னு யூகிக்கலாம்னு சொல்றார். ஊரச் சொல்றார், குலத்தச் சொல்லல. காரணம் புரிஞ்சுக்க எளிசு, ஒரு பள்ளத்தாக்குல ஒரு நெசவாளி இருப்பார், அங்க விளையற செடியிலயும் பாசியிலயும் கிடைக்கற சாயத்த வச்சு தனக்குக் கை வந்த டிசைன நெய்வார், சுத்துவட்டாரம் பூரா அதையே போடும்.

குடும்பத்துக்குள்ளயே ஒரே டார்டன் கிடையாதுங்கறதுக்கு ஓவியம் சாட்சியா இருக்கு. 1710கள்ல ரிச்சர்ட் வெய்ட்ங்கற ஓவியர் கிராண்ட் குடும்பத்து ஆளுங்களையும் அவங்க பணியாட்களையும் வரிசையா வரைஞ்சார், ஒரே வீட்டு ஆளுங்க, ஆனா போட்டிருக்கற கட்டம் வேற வேற. 1746 ஏப்ரல் 16 கல்லோடன் போர்லயும் யார் எந்தப் பக்கம்னு துணிக் கட்டத்த வச்சுக் கண்டுபிடிக்கல, தொப்பியில சொருகின நாடாப் பூவ வச்சுதான் பாத்தாங்க, ஜாக்கோபைட் பக்கம், அதாவது பதவி இழந்த ஸ்டுவர்ட் ராஜ வம்சத்துக்காகப் போராடினவங்க பக்கம் வெள்ளை, அரசாங்கப் பக்கம் கருப்பு. அந்தக் காலத்து ஓவியத்துல ஒரே வீரன் மேல் சட்டை ஒரு டார்டன், கீழ ஒரு டார்டன்னு போட்டுட்டு நிக்கறதப் பாக்கலாம்.

அந்தப் போர்ல ஜாக்கோபைட்டுங்க தோத்தாங்க, உடனே லண்டன் பார்லிமென்ட் சட்டம் போட்டுச்சு. 1747 ஆகஸ்ட் 1லேருந்து ஸ்காட்லாந்துல ஆம்பளைங்களும் பசங்களும் ஹைலேண்ட்ங்கற வடக்கு மலைப்பகுதியோட உடையப் போடக்கூடாது, முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில், மறுபடி மாட்டினா ஏழு வருஷம் கடல் கடந்து நாடு கடத்தறது. ராணுவத்துல சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. பொம்பளைங்க உடையப் பத்தி சட்டத்துல பேச்சே இல்ல. 1782 ஜூலை 1ல தான் இதத் தூக்கினாங்க. 35 வருஷம்னா ஒரு தலைமுறை, வீட்டுல நெஞ்சு வீட்டுல கத்துக் கொடுத்த பழக்கம் பல இடத்துல அத்தோட அறுந்து போச்சு. இந்த இழப்ப வச்சுப் பாத்தாதான், பின்னாடி வந்தவங்க டார்டன அவ்வளவு ஆசையா கட்டிப் பிடிச்சுக்கிட்டது ஏன்னு விளங்கும்.

நடுவுல டார்டனக் காப்பாத்தினது பட்டாளமும் ஒரு நெசவு ஆலையும். பட்டாளத்துக்கு பச்சை, நீலம், கருப்புல ஒரு அரசாங்க டார்டன் இருந்துச்சு, பிளாக் வாட்ச்னு சொல்றது அததான். மத்த படைப்பிரிவுங்க அதே துணியில மெல்லிசா ஒரு கோடு சேத்துக்கிட்டாங்க. 1793ல கோர்டன் ஃபென்சிபிள்ஸ்ங்கற படைக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டு நெஞ்சாங்க, இன்னிக்கு அதுதான் கோர்டன் டார்டன். வெள்ளையும் சிவப்பும் கோடு சேத்தது மெக்கென்சி டார்டன் ஆச்சு. பட்டாளத்து உடுப்பு குடும்பத்து அடையாளமா மாறின கதை இது.

ஆலைங்கறது பானக்பர்ன் ஊர்ல இருந்த வில்லியம் வில்சன் அண்ட் சன். பட்டாளத்துக்கு மொத்தமா நெஞ்சு கொடுத்தவங்க, அப்புறம் ஊர் பூரா வித்தவங்க. ஆரம்பத்துல நிறைய டிசைனுக்கு எண்தான், பேரு கிடையாது. மேக்பெர்சன் டார்டனப் பத்தி வரலாற்று ஆய்வாளர்கள் சொல்ற விவரம் மனச உறுத்தும்: முதல்ல அது வெறும் எண் 155, அப்புறம் கிட்ங்கற ஒரு ஆள் மேற்கிந்தியத் தீவுகள்ல தன்னோட அடிமைகளுக்கு உடுத்தக் கொடுக்க மொத்தமா வாங்கினதால கிட்னு பேரு, கடைசியா மேக்பெர்சன்.

1815ல லண்டன் ஹைலேண்ட் சொசைட்டி எல்லா குலத் தலைவருங்களுக்கும் கடிதம் போட்டுச்சு, உங்க குலத்து டார்டன ஒரு துண்டு வெட்டி முத்திரை வச்சு அனுப்புங்கன்னு. லார்ட் மெக்டொனால்ட் எழுதின பதில்ல, மெக்டொனால்ட் டார்டன் எதுன்னு எனக்கே உண்மையில தெரியாது, நீங்களே அசலானதத் தேடிக் கொடுங்க, நான் முத்திரை வைக்கறேன்னு கேட்டிருக்கார். அடுத்தது 1822, நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பர்க் வந்தார், பதவியில இருக்கற ராஜா ஸ்காட்லாந்து மண்ண மிதிச்சு கிட்டத்தட்ட 170 வருஷம் ஆகியிருந்துச்சு. வரவேற்ப முன்ன நின்னு நடத்தினவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், எல்லாரும் டார்டன்ல வரணும்னு சொல்லிட்டார், ராஜாவும் 1,300 பவுண்டுக்கு மேல செலவு பண்ணி ஹைலேண்ட் உடை தைச்சுப் போட்டுக்கிட்டார். குலத்துக்கொரு டார்டன் இருந்தே ஆகணும்ங்கற நிலைமை அங்கேருந்துதான் சூடு பிடிச்சுது, ஆலைக்கு ஆர்டர் குவிஞ்சுது.

1842ல சோபியஸ்கி ஸ்டுவர்ட்னு பேரு வச்சுக்கிட்ட ரெண்டு அண்ணன் தம்பிங்க, பழைய கையெழுத்துச் சுவடியிலேருந்து எடுத்ததுன்னு சொல்லி வெஸ்டியேரியம் ஸ்கோட்டிகம்ங்கற டார்டன் புஸ்தகத்தப் போட்டாங்க. அந்தச் சுவடி போலி. ஆனா அதுல இருந்த டார்டன் பலத குலங்கள் ஏத்துக்கிட்டு இன்னிக்கும் பெருமையா போடறாங்க, மஞ்சளும் கருப்புமா கண்ணப் பறிக்கற மெக்லாட் ஆஃப் லூயிஸ் டார்டன் அங்கேருந்து வந்ததுதான். இதச் சொல்றதால அவங்க போடறது பொய்னு ஆயிடாது. நாலஞ்சு தலைமுறை கல்யாணத்துலயும் சாவுலயும் அதப் போட்டு நின்னிருக்காங்க, அந்த உரிமை உண்மையானது.

ஆக துணி ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, ஊர் ஊரா வித்தியாசம் பல நூற்றாண்டு பழசு, குடும்பப் பேரு ஒட்டினது சுமார் 200 வருஷம்.

கிளான், சீஃப், செப்ட்

கிளான்னா மேல குலம்னு சொன்னதுதான், ஒரு தலைவருக்குக் கீழ சேர்ந்து வாழ்ந்த கூட்டம். அந்தத் தலைவர்தான் சீஃப். இதுல எல்லாரும் ரத்த சொந்தம்னு நினைக்கறதுதான் பெரிய தப்பு. சீஃபோட நிலத்துல குடியிருந்தவங்க, பாதுகாப்புக்கு வந்து ஒதுங்கினவங்க, அவருக்காக சண்டை போட வந்தவங்க எல்லாரும் அவர் பேரையே தங்களுக்கும் வச்சுக்கிட்டாங்க. சில குடும்பம் தன் பேர மாத்தாமயே கிளானோட சேர்ந்து இருந்துச்சு, அந்த மாதிரி குடும்பத்துக்கு செப்ட்னு பேரு. அதனால ஒருத்தர் குடும்பப் பேரு கிளான் பட்டியல்ல நேரா இல்லன்னாலும் ஏதாவது ஒரு கிளானோட செப்டா இருக்க வாய்ப்பு நிறைய. ஒரே பேரு ரெண்டு மூணு கிளான்லயும் செப்டா வரும், அப்ப முன்னோருங்க எந்த ஊர்ல இருந்தாங்கன்னு பாத்துதான் முடிவு பண்ணணும்.

ஒரு கிளானோட டார்டனப் போடறதுன்னா அந்த சீஃப் பக்கம் நான் நிக்கறேன்னு சொல்ற அர்த்தம், பழைய மரபு அதத்தான் சொல்லுது. எனக்கு இந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும். பிறப்ப வச்சு ஆள வெளிய தள்ளாம, விசுவாசத்த வச்சு உள்ள சேத்துக்கற பார்வை இது.

சட்டம் என்ன சொல்லுது

டார்டன் போட்டுக்கறதத் தடுக்கற சட்டம் இன்னிக்கு எதுவும் இல்ல. டார்டன் போலீஸும் இல்ல. இருக்கறது ஒரு பதிவேடு. 2008ல ஸ்காட்லாந்து பார்லிமென்ட் சட்டம் போட்டு, 2009 பிப்ரவரியிலேருந்து ஸ்காட்டிஷ் ரெஜிஸ்டர் ஆஃப் டார்டன்ஸ் நடக்குது, எடின்பர்க்ல இருக்கற தேசிய ஆவணக் காப்பகம்தான் பாத்துக்குது. ஆன்லைன்ல யார் வேணா தேடலாம், ஒவ்வொரு டார்டனுக்கும் யார் டிசைன் பண்ணது, எந்த வகை, ஏதாவது கட்டுப்பாடு உண்டான்னு குறிப்பு இருக்கும். பதிவு பண்றதால மட்டும் அந்த டிசைன் மேல காப்பிரைட் வந்துடாது, அது பதிவுதான். காப்பிரைட், டிரேட்மார்க் எல்லாம் வேற சட்டம், பர்பெரி கம்பெனி தன்னோட கட்டத்த டிரேட்மார்க்கா காப்பாத்திக்கறது அந்த வழியிலதான்.

மரியாதைக்காக ஒதுங்கி நிக்க வேண்டிய சிலது இருக்கு. முதல்ல பால்மோரல். சாம்பல் நிறத்துல, விக்டோரியா ராணியோட கணவர் ஆல்பர்ட் 1853ல வடிவமைச்சது. ராஜ குடும்பமும் ராஜாவுக்குன்னு பேக்பைப் வாசிக்கற பைப்பரும் மட்டும்தான் போடுவாங்க, நல்ல ஆலை எதுவும் இத வெளி ஆளுக்கு நெஞ்சு தராது. அடுத்தது ராயல் ஸ்டுவர்ட், அந்த பளீர் சிவப்பு. முறைப்படி அது ராஜாவோட சொந்த டார்டன், ஆனா பிஸ்கட் டப்பாலேருந்து போர்வை வரைக்கும் எல்லாத்துலயும் வந்துட்டதால யாரும் தடுக்கறதில்ல, ஸ்காட்லாந்து பூரா வாடகைக் கடையில கிடைக்கும். இதத் தவிர சில சீஃபுங்க தங்களுக்கும் நேர் வாரிசுக்கும் மட்டும்னு தனியா ஒரு டார்டன் வச்சிருப்பாங்க, சில கம்பெனியும் கல்லூரியும் தங்களோட ஆளுங்களுக்குன்னு வச்சிருக்கும். பதிவேட்டுல கட்டுப்பாடு போட்டிருந்தா உரிமையாளர்கிட்ட எழுதிக் கேளுங்க, கேட்டா நிறைய பேர் சந்தோஷமா சரின்னு சொல்வாங்க.

நிஜமாவே சட்டம் இருக்கறது துணியில இல்ல, சின்னத்துல. ஸ்காட்லாந்துல குலச்சின்னம் ஒரு தனி ஆளோட சொத்து, லார்ட் லயன்ங்கற அதிகாரியோட நீதிமன்றம் அதக் கவனிக்குது, இன்னொருத்தர் சின்னத்த எடுத்து நம்முதுன்னு பயன்படுத்தினா வழக்கே வரும். கிளான் ஆளுங்க தொப்பியில குத்திக்கறது சீஃபோட சின்னத்தச் சுத்தி ஒரு பெல்ட்டும் பக்கிளும் இருக்கற பேட்ஜ், அந்த பெல்ட் நான் இவரோட ஆளுங்கறதக் காட்டுது. பெல்ட் இல்லாத வளையத்தோட மூணு கழுகு இறகு சேத்துப் போடறது சீஃபுக்கு மட்டும். அதனால கில்ட் வாடகைக்கு எடுக்கறப்ப கடைக்காரர் பேட்ஜோ இறகோ சேத்துக் கொடுத்தா, அந்தக் கிளானுக்கு நாம சம்பந்தம் இல்லாதவங்கன்னா வேணாம்னு திருப்பிக் கொடுத்துடுங்க.

அதாவது, துணிக்கு மரபு, சின்னத்துக்குச் சட்டம். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் டார்டன் போட்டா கேஸ் ஆகும்ங்கற பேச்சு கிளம்புச்சுன்னு எனக்குத் தோணுது.

சரி, எத எடுக்கறது

ஸ்காட்டிஷ் வேர் இருக்கறவங்க அப்பா வழி குடும்பப் பேர்லேருந்து ஆரம்பிப்பாங்க. அங்க கிடைக்கலன்னா அம்மா வழி, பாட்டி வழி பேரத் தேடலாம், அதுல தப்பே இல்ல. அதுவும் இல்லன்னா ஊர். மாவட்ட டார்டன்னு ஒரு வகை இருக்கு, லெனக்ஸ், ஹன்ட்லி ரெண்டும் பழசு, எடின்பர்க், கிளாஸ்கோ, அபர்டீனுக்கும் உண்டு. கிளாஸ்கோல நாலு வருஷம் படிச்ச பொண்ணு கிளாஸ்கோ டார்டன் ஸ்கார்ஃப் போட்டா அத விடப் பொருத்தம் வேற என்ன இருக்கு, அந்த ஊர் தண்ணியக் குடிச்சவளாச்சே.

ஸ்காட்லாந்தோட எந்தத் தொடர்பும் இல்லாம விருந்தாளியா போறவங்களுக்கு பொது டார்டன்னு ஒரு வகை இருக்கு, எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாம எல்லாருக்கும் பொதுவானது. பிளாக் வாட்ச், ஹன்டிங் ஸ்டுவர்ட், கேலடோனியா, ஜாக்கோபைட், கொஞ்சம் புதுசுன்னா ஃபிளவர் ஆஃப் ஸ்காட்லாந்து. என்கிட்ட கேட்டா பிளாக் வாட்ச். கரும்பச்சையும் நீலமும் எந்த கோட்டுக்கும் போகும், எந்தக் கடையிலயும் கிடைக்கும், யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.

பிடிச்ச டார்டன் ஒரு கிளானோடதா இருந்தா? போடலாம். கடையில வாடகைக்கு இருக்கறது நாலஞ்சு டார்டன்தான்னு நிறைய தடவை அமைஞ்சுடும், மாப்பிள்ளைத் தோழனுங்க எல்லாரும் மாப்பிள்ளையோட டார்டனையே போடறதும் சாதாரணம். பேரு என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க, யாராவது நீங்க மெக்கென்சியான்னு கேட்டா, இல்லீங்க, நண்பன் குடும்பத்தோடது, அவனுக்காகப் போட்டிருக்கேன்னு சொல்லுங்க. அந்தக் கேள்விய அவங்க பெரும்பாலும் சோதிக்கறதுக்குக் கேக்கறதில்ல, தன் சொந்தக்காரங்களா இருக்குமோங்கற ஆசையில கேக்கறாங்க. அதனாலதான் இல்லாத உறவ உண்டுன்னு சொல்றது மட்டும் நிஜமாவே மனசப் புண்படுத்தற விஷயம்.

எதுவுமே சரிப்படலன்னா புதுசா டிசைன் பண்ணிப் பதிவு பண்ணலாம். டிசைன் ஏற்கனவே இருக்கறதோட ஒத்துப் போகக்கூடாது, வைக்கற பேருக்கும் உங்களுக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டணும், நூல் கணக்கு தரணும். ஒரு கிளான் பேர்ல பதிவு பண்ணணும்னா சீஃபோட சம்மதம் வேணும். ஸ்காட்லாந்துல இருக்கற யூத சமூகத்துக்கும், முஸ்லிம்களுக்கும், சிங்னு பேரு வைக்கற சீக்கியர்களுக்கும் இப்ப தனித்தனியா டார்டன் இருக்கு. கனடாவோட மேப்பிள் லீஃப் டார்டன் 2011ல நாட்டோட அதிகாரப்பூர்வ சின்னமாவே ஆயிடுச்சு.

ஒரே பேர்ல பல துணி

கடையில இதான் ஆளக் குழப்பும். ஒரே டார்டன் பேருக்குக் கீழ ஏன்ஷியன்ட், மாடர்ன், வெதர்டுன்னு மூணு துணி இருக்கும். ஏன்ஷியன்ட்னா பழைய டார்டன்னு அர்த்தமில்ல, செடிச் சாயம் மாதிரி வெளிறின நிறம். மாடர்ன்னா ரசாயனச் சாயத்தோட அடர் நிறம். வெதர்டுன்னா மழையிலயும் வெயில்லயும் கிடந்து மங்கிப்போன மாதிரி பழுப்பும் சாம்பலும். முன்ன சொன்ன நூல் கணக்கு மூணுக்கும் ஒண்ணுதான், அதனால இதுல எத எடுத்தாலும் உரிமைப் பிரச்சினை எதுவும் கிடையாது, கண்ணுக்குப் பிடிச்சத எடுங்க. ஆலைக்கு ஆலை நிறம் மாறும், அதனால கோட்டும் டையும் வேற வேற இடத்துல வாங்கறவங்க சின்னத் துண்டு ஒண்ணு வாங்கி வச்சுப் பொருத்திப் பாத்துட்டு வாங்கறது நல்லது.

டிரெஸ், ஹன்டிங்னு போட்டிருந்தா அது வேற விஷயம், டிசைனே மாறும். டிரெஸ்னா முக்கியமான நிறம் ஒண்ண எடுத்துட்டு வெள்ளை வச்சது, ஹைலேண்ட் டான்ஸ் ஆடற பொண்ணுங்க போடறது பெரும்பாலும் இதுதான். ஹன்டிங்னா பச்சை, நீலம், பழுப்புன்னு அடங்கின நிறம். பேரு ஹன்டிங்னு இருக்கேன்னு கல்யாணத்துக்குப் போடக்கூடாதோன்னு யோசிக்க வேணாம், தாராளமா போடலாம்.

போட்டுக்கற முறை

கில்ட்டுக்கு சுமார் 8 கஜம் துணி போகும், அதாவது 7 மீட்டருக்கு மேல. மடிப்பு எல்லாம் பின்பக்கம், முன்பக்கம் தட்டையா இருக்கும், ஆம்பளைங்களுக்கு மேல் மடல் வலது பக்கம் வந்து முடியும். கீழ் ஓரம் முழங்கால் மூட்டோட நிக்கணும், அதுக்குக் கீழ இறங்கினா பாக்க நல்லா இருக்காது. ஊக்க மேல் மடல்ல மட்டும் குத்தணும், ரெண்டு மடலையும் சேத்துக் குத்தினா உக்காந்து எழும்போது துணி கிழியும். முன்னாடி தொங்கற பை ஸ்போரன், கில்ட்ல பாக்கெட் கிடையாதுங்கறதால பணமும் போனும் அதுலதான். காலுறையில சொருகற சின்னக் கத்தி ஸ்கீன் டூ, தேசிய உடையோட பகுதியா வச்சுக்கறத அங்க சட்டம் ஒத்துக்குது, ஆனா விமானத்துல கைப்பையில கொண்டு போக விட மாட்டாங்க. ஒரே ஆள் ரெண்டு வேற டார்டன ஒண்ணாப் போடாம இருக்கறது நல்லது, டை ஒரே நிறத்துல இருந்தா போதும்.

பொம்பளைங்களுக்கு பெரும்பாலும் சாஷ், அதாவது தோள்ல போடற நீளத் துணி. லார்ட் லயன் ஒத்துக்கிட்ட ஒரு வழக்கம் இருக்கு: கிளான் பொண்ணுங்க வலது தோள்ல போட்டு ஊக்கு குத்துவாங்க, இடது தோள் சீஃபோட மனைவி மாதிரி சிலருக்கு, வேற கிளான்ல கல்யாணம் பண்ணிக்கிட்டும் பிறந்த வீட்டு டார்டனையே போட நினைக்கறவங்க வலது தோள்ல போட்டு இடது இடுப்புல பெரிய முடிச்சா கட்டுவாங்க. விருந்தாளிங்க வலது தோள்ல போட்டுக்கிட்டா சரியா இருக்கும், புடவை கட்டிக்கிட்டு மேல ஒரு சாஷ் போட்டுக்கறதையும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, இடது தோள்ல முந்தானை இருக்கறதால வலது தோள் காலியாத்தான் இருக்கும்.

ஸ்காட்டிஷ் குடும்பத்துல மருமகளாவோ மருமகனாவோ போறவங்களுக்கு ஒரு வார்த்தை. சில கல்யாணத்துல மாப்பிள்ளையோ அவரோட அம்மாவோ எழுந்து வந்து குடும்ப டார்டன்ல ஒரு சாஷோ சின்ன ரிப்பனோ பொண்ணுக்குக் குத்தி விடுவாங்க, பொண்ணு வீட்டு டார்டன மாப்பிள்ளைக்குக் குத்தறதும் உண்டு. இனிமே நீ எங்க வீட்டு ஆளுன்னு ஊர் பாக்கச் சொல்ற சடங்கு அது, அதுக்கு அப்புறம் அந்த டார்டனப் போட்டுக்க வேற யார்கிட்டயும் போய் அனுமதி கேக்க வேண்டியதில்ல.